திருப்பிப் போட்ட படம்

ஹலோ... ஆமா, காலேஜு கம்ப்யூட்டர் லேப் தான்... ஜெஸ்டன் தான்க்கா பேசுறேன், சொல்லு. கேஸ கூப்ட்டாங்களா?... இன்னும் இல்லியா... பதினொன்றரைக்கா. சரி, சரி. எங்கேந்து பேசுற, லேபர் ஆபீஸ் எதிர்ல பூத்துலேந்தா... மாமா பக்கத்துல தான இருக்காரு?... ம்.

இன்னா?... எந்தப் படம்?... நம்ம காலேஜு மேகசின் புக்குல வந்ததா... ஆமா, நான் எடுத்தது தான். மாமா கட்டிங் மிஷின் முன்னாடி நின்னுனு இருக்கிறது. முப்பத்திநாலாம் பக்கம்... ஆமா, ஆமா, ஃபர்ஸ்ட் பிரைஸ் வந்துச்சே, அது தான். அதுக்கு இன்னா இப்ப?

ஓ... வக்கீலுகிட்ட குடுத்தியா. ராமலிங்கம் சாருகிட்ட... எப்போ?... இப்ப தானா... ம்... ம்... நல்லது தான்க்கா. மாமா மொகம் தெளிவா இருக்குது அதுல. சட்டகூட தெரியுது, உன் கல்யாணத்துக்கு எடுத்த சட்ட... தெரியும்க்கா. அவங்க இன்னா சொல்றாங்கன்னு எனக்கும் தெரியும். எபனேசர்னு ஒருத்தன் எங்க ஷூ கம்பெனிக்குள்ள கால வெச்சதே இல்லங்கிறாங்க. நாலு வருஷம் அங்க தோலு வெட்டுனவர. வலது கையில மூணு விரல அந்த மிஷினுக்குக் குடுத்தவர... ஆமா. காண்ட்ராக்ட்காரன் ஆஸ்பத்திரில 'வீட்டுல மரம் அறுக்கும்போது பட்டுடுச்சு'ன்னு எழுத வெச்சுட்டான். ரிஜிஸ்டர்ல பேரு கெடையாது. கூட வேல செஞ்சவன் ஒருத்தனும் சாட்சி சொல்ல வர மாட்டான், அவனுக்கு நாளைக்கு வேல வேணும்... தெரியும்க்கா. அந்தப் படம் ஒன்னு தான் இருக்குது. அதான் குடுத்துட்டியே. அப்புறம் இன்னா?

...இன்னா தப்பா இருக்குது?... மெதுவா சொல்லு, வண்டி சத்தம் ஜாஸ்தியா இருக்குது... 'இது எங்க மிஷினே இல்ல'ன்னு சொல்லிடுவாங்களா. யாரு சொல்றது, நம்ம வக்கீலா... ம்... கைப்பிடி வேற பக்கம் இருக்குது... ம். சன்னலு வேற பக்கம் இருக்குது... மிஷின்ல நம்பர் இல்ல... ம்... செவுத்துல கம்பெனி பேரு இல்ல...

...

...

இருக்கேன்க்கா. லைன்ல தான் இருக்கேன்.

அக்கா, அது திருப்பிப் போட்ட படம்... திருப்பின்னா, கண்ணாடில பாக்குற மாதிரி. இடது வலதாயிடும், வலது இடதாயிடும்... தெரியாம இல்ல. நான் தான் திருப்புனேன்... ஏன்னா...

ஒரு நிமிஷம் இரு. ...சார், வீட்டுலேந்து சார். அக்கா சார். ரெண்டு நிமிஷம் சார், முடிச்சிடுறேன். ...ஒன்னுமில்லக்கா, மோசஸ் சாரு, லேப் பாத்துக்கிறவரு. சொல்லு... ஆமா, நான் தான் சொல்லணும்.

புக்கு பண்றதுக்கு முன்னாடி ஒரு டம்மி செய்வோம். வெள்ளப் பேப்பர மடிச்சு, நோட்டு மாதிரி தெச்சு, எந்தப் பக்கத்துல எது வருதுன்னு பென்சில்ல கட்டம் போட்டு வெப்போம். அதுல முப்பத்திநாலு இடது கைப் பக்கம். முப்பத்தஞ்சு வலது கைப் பக்கம், அதுல கட்டுர. முப்பத்திநாலுல படம்... கேளு, சொல்றேன். மாமா போட்டோல இடது பக்கமா பாத்துனு இருந்தாரு. அத இடது கைப் பக்கத்துல வெச்சா, அவரு புக்குக்கு வெளிய பாக்குறாரு. புக்கு வேலைய பாத்துக்கிற ஜெனிஃபா மிஸ் டம்மிய பாத்துட்டு செகப்புப் பேனாவுல சுழிச்சிட்டாங்க. மொகம் எப்பவும் புக்குக்கு உள்ள பாக்கணும், வெளிய பாத்தா படிக்கிறவன் கண்ணும் வெளிய போய்டும்னு... ஆமா, ரூலு தான். எல்லா புக்குலயும் அப்படித்தான்... பக்கத்த மாத்தியிருக்கலாம்க்கா. மாத்துனா பின்னாடி பன்னெண்டு பக்கம் நகரணும். ரெண்டு நாள்ல பிரஸ்ஸுக்குப் போவணும். படத்த திருப்புறது ஒரே க்ளிக்கு.

அதான் திருப்பிட்டேன்.

...நம்பரா? அதுக்கு தான் வர்றேன். படத்த திருப்பினா எழுத்தும் திரும்பிடும். செவுத்துல இருந்த கம்பெனி பேரு, மிஷின்ல இருந்த நம்பரு, 'கைய வெக்காதே'ன்னு ஒரு போர்டு, எல்லாம் பின்னாலேந்து எழுதுன மாதிரி ஆயிடுச்சு. பாத்த ஒடனே இது திருப்புன படம்னு தெரிஞ்சிடும். அசிங்கமா இருந்துச்சு. அழிச்சிட்டேன்.

...அழிச்சிட்டேன்க்கா... எப்படின்னா? ஃபோட்டோஷாப்புல ஸ்டாம்ப்புன்னு ஒன்னு இருக்குது. பக்கத்துல இருக்கிற சுண்ணாம்பு செவுத்த கொஞ்சம் எடுத்து எழுத்து மேல வெக்கிறது. பூசுவேல மாதிரின்னு வெச்சுக்க. ஒரே எடத்துலேந்து எடுத்தா தெரிஞ்சிடும், இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம் எடுத்து எடுத்து வெக்கணும். நாப்பது நிமிஷம் ஆச்சு... நல்லா வந்துச்சு. அங்க எழுத்து இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. மிஸ்ஸுக்கே தெரியல. செவுரு காலியா கெடச்சுதா, அது மேல தலைப்ப வெச்சேன். 'உழைக்கும் கைகள்'.

...அக்கா.

...அக்கா, ரோட்டுல நின்னுனு அழுவாத. கம்பெனி ஆளுங்க யாராவது பாப்பாங்க. தண்ணி வெச்சிருக்கியா?... குடி.

...இன்னா சொல்றாரு மாமா?... புக்கு வந்த அன்னிக்கே அவருக்குத் தோணுச்சா. ...கத்திய பொரட்டிப் போட்ட மாதிரி இருக்குதேன்னு... ஆமா, அவருக்குத் தெரியாம இருக்குமா. ஷூ துண்டு வெட்டுற அச்சுக் கத்தி ஒன்னே தான, தோலு மேல ஒரு பக்கம் வெச்சு அடிச்சா லெஃப்ட் காலு, பொரட்டி வெச்சு அடிச்சா ரைட் காலு. நாளெல்லாம் அது தான வேல... அப்ப ஏன் சொல்லல என்கிட்ட?... புக்குல போடும்போது அப்படித்தான் போடுவாங்கன்னு நெனச்சுக்கினாரா.

...ம்.

ஒரிஜினலா... இல்லக்கா. இல்ல... எப்படி இல்லன்னா, இல்ல. எங்க காலேஜு கேமராவுல ஃபிலிம் கெடையாது. ஃப்ளாப்பி போடணும். ஒரு ஃப்ளாப்பில பத்து பன்னெண்டு படம் தான் ஏறும். டிப்பார்ட்மெண்டுக்கு மொத்தமே ஒரு டப்பா ஃப்ளாப்பி. நான் எடுத்துட்டு வந்தா, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, அத அழிச்சு அடுத்தவனுக்குக் குடுக்கணும். ஸ்போர்ட்ஸ் டேக்கு வேணும்னு அன்னிக்கு சாயங்காலமே கேட்டாங்க, குடுத்துட்டேன்... கம்ப்யூட்டர்ல ஏத்தினதா? அத தான் திருப்புனேன். வேற பேருல வெச்சிருக்கணும். அதே பேருல ஸேவ் பண்ணிட்டேன். பழசு மேல புதுசு ஒக்காந்துடும்... வராதுக்கா. யாராலயும் எடுக்க முடியாது... மிச்ச படம் பதினொன்னு எடுத்தேன், எதுலயும் மிஷின் முழுசா இல்ல. கைய மட்டும் கிட்ட வெச்சு எடுத்தேன். விரலு மட்டும். அதுல மொகம் இல்ல. கை யாரு கையா வேணா இருக்கலாம்.

...எது?... ஓ, அடியில இருக்கிற டிராயிங்கா. அது நான் கோரல்னு ஒரு சாஃப்ட்வேர்ல வரஞ்சது. ஷூவோட துண்டுங்க. நாக்கு, பக்கவாட்டு, குதி. மாமா எடுத்துனு வந்த கழிவுத் தோல பேப்பர் மேல வெச்சு பென்சில்ல ஓரம் எடுத்து, ஸ்கேன் பண்ணி, அது மேல கோடு இழுத்தேன்... ஆமா, அந்தக் கம்பெனி மாடல் தான். ஆனா அத வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது. நான் வளைவ எல்லாம் கொஞ்சம் அழகு பண்ணிட்டேன். தோல்ல ஒரு ஓரத்துல, சரக்கு வாங்குறவங்களோட பையர் நம்பர் குத்தி இருந்துச்சு... அதையும் வரையல. டிசைனுக்கு இடைஞ்சலா இருந்துச்சு.

...திட்டு. பரவால்ல... இல்ல, நான் கோவப்படல. திட்டுன்னு தான் சொல்றேன்.

இன்னா?... திருப்பி போட முடியுமாவா? எத, நம்பரயா?... முடியும். அழிச்சவனுக்கு எழுதத் தெரியாதா. படத்த நேரா திருப்பிட்டு, நம்பர எழுதி, செவுத்துல பேர எழுதி, லேசா மங்க வெச்சா போதும். 'இது தான் ஒரிஜினல் பிரிண்ட்டு'ன்னு குடுத்துடலாம்... பத்து நிமிஷம்... வேணாம்க்கா. வேணாம். கேளு. முன்னூறு காப்பி அடிச்சு ஊரெல்லாம் குடுத்திருக்கோம். நம்பர் இல்லாத படம் முன்னூறு வெளிய இருக்குது. அதுல ஒன்னு அவங்க கைக்குப் போவாதா? ரெண்டையும் பக்கத்துல வெச்சு, எது நெஜம்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ?... அப்ப நம்பர் மட்டும் பொய்யாவாது, மாமாவும் பொய்யாயிடுவாரு. அங்க நின்னது பொய், வெட்டுனது பொய், விரலு போனது பொய்... நெஜமாவே நம்பர் இருந்துச்சு, ஆமா. நெஜத்த தான் எழுதப் போறோம், ஆமா. ஆனா எழுதுறது நானாச்சே.

...யாரு?... குடு. சாருகிட்ட குடு.

வணக்கம் சார்... ஆமா சார், அவங்க தம்பி தான். ஜெஸ்டன்... விஷுவல் கம்யூனிகேஷன் சார், ஃபைனல் இயர்... ஆமா சார், நானே தான் எடுத்தேன். ரெண்டாயிரத்து ஒன்னு ஆகஸ்ட்டு... வெள்ளிக்கெழம சார். ஜும்மா நேரம். மொதலாளி, மேனேஜர் எல்லாம் தொழுவப் போய்ட்டாங்க. காண்ட்ராக்ட் ஆளுங்க மட்டும் வெட்டினு இருந்தாங்க. மாமா பின்வாசல் வழியா கூட்டினு போனாரு... பர்மிஷன் இல்ல சார்... ஆமா சார், விபத்து அதுக்கப்புறம் ஆறு மாசம் கழிச்சு... ஆமா, திருப்புனேன் சார்... ஆமா, அழிச்சேன் சார்... இல்ல சார். யாரும் அழிக்கச் சொல்லல. திருப்பச் சொன்னதும் யாரும் இல்ல. மொகம் உள்ள பாக்கணும்னு தான் மிஸ் சொன்னாங்க. மிச்சம் நானே.

...சாட்சியா வர்றதா? வர்றேன் சார். இப்பவே வேணா வர்றேன். டவுன் பஸ் ஏறினா கால் மணி நேரம்... சரி சார். நீங்க கம்பெனி வக்கீல்னு வெச்சுக்கிறேன். நான் கூண்டுல நிக்கிறேன். கேளுங்க சார்.

...ஆமா... ஆமா சார், போட்டோல இருக்கிறத அழிக்கத் தெரியும்... இல்லாதத வெக்கவும் தெரியும்... ஆளா? ஆளையும் வெக்கலாம் சார்... ஆமா. ஒருத்தர் தலைய இன்னொருத்தர் ஒடம்புல வெக்கலாம். செத்துப் போனவங்களுக்கு கோட்டு போட்டுக் குடுப்பாங்களே ஸ்டூடியோவுல, அது மாதிரி... அரை மணி நேரம் சார்... காலேஜுல அது தான் சொல்லிக் குடுக்கிறாங்க, ஆமா... இல்ல சார். இந்தப் படத்துல ஆள நான் வெக்கல. அவரு அங்கயே நின்னாரு... எப்படி நம்புறதுன்னா...

...

...நம்ப முடியாது தான் சார்.

...சரி சார்... சரி... அங்க போன ஆளு தான்னு காட்டணும். அந்த ரூம்ல எது எது எங்க இருந்துச்சுன்னு சொல்லணும். ஆபீசர் நேர்ல போய் பாத்தா அது அப்படியே இருக்கணும். புரியுது சார். மிஷின சுத்தி இருக்கிறத சொல்றேன்... மாமா நிக்கிற பக்கத்துலேந்து மிஷின பாத்தா எப்படின்னா? சரி சார்.

சன்னலு... புக்குல வலது பக்கம் இருக்குது. அப்ப நெஜத்துல இடது. இடது சார். ஃபியூஸ் பெட்டி, புக்குல இடது, அப்ப... வலது. ஆமா, வலது சார். கைப்பிடி... ஒரு நிமிஷம் சார்... வலது... ஏன் யோசிக்கிறேன்னா, நான் மொதல்ல திருப்பிட்டேன் சார், அதுக்கப்புறம் தான் நாப்பது நிமிஷம் ஒக்காந்து அழிச்சேன். அந்த ரூமுக்குள்ள நான் நின்னது பத்து நிமிஷம் கூட இருக்காது. கண்ணுல நிக்கிறது திருப்பின ரூம் தான். ஒவ்வொன்னையும் மாத்தி மாத்தி சொல்லணும்... ஆமா சார், யோசிச்சா அவங்க புடிச்சுக்குவாங்க. வேகமா சொல்லணும். சரி சார். மனசுல இன்னா வருதோ அதுக்கு நேர் எதிரா சொல்லணும், அவ்ளோ தான். கேளுங்க சார், வேகமா கேளுங்க.

இடது.

...வலது சார்.

...தோலு அடுக்குற ட்ராலியா... இடது.

...வலது.

...கதவு, வலது சார். போர்டும் வலது.

...டியூப் லைட்டு நடுவுல தான் சார், அது மாறாது.

...இடது.

...மாமாவுக்கு விரலு போன கையா, இடது சார்.

...

...

இல்ல. சார், இல்ல. வலது. வலது கை சார்... எனக்குத் தெரியும் சார். பதினோரு நாளு ஆஸ்பத்திரில நான் தான் கூட இருந்தேன். கட்டு மாத்தும்போது நான் தான் புடிச்சுக்குவேன். சோறு நான் ஊட்டுவேன். வலது சார்... நீங்க கேட்ட வேகத்துல... மனசுல வலதுன்னு தான் சார் வந்துச்சு. அத மாத்தி... ஆமா சார்... ஆமா, அங்கயும் இதே மாதிரி தான் கேப்பாங்க... ஆமா சார், சொந்த அக்கா புருஷன் தான்... இன்னொரு தடவ கேட்டீங்கன்னா... சரி சார்.

...வர வேணாமா.

...சரி சார். புரியுது சார். அக்காகிட்ட குடுங்க.

...ம். சொல்லு... கேட்டுனு தான் இருந்தியா... சாரு எங்க?... உள்ள போய்ட்டாரா. மத்தியானம் மூணு மணிக்கு தள்ளி வெக்கக் கேக்கப் போறாரா... ம்... கோவமா இருந்தாரா?... கோவம் இல்லியா. தோள தட்டிட்டுப் போனாரா உன்ன. அப்ப முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

மாமா இன்னா சொன்னாரு?... நான் இடதுன்னு சொன்னது அவருக்கும் கேட்டுச்சா... வக்கீலு திருப்பிச் சொன்னாரா... ம். அப்ப கைய பாத்தாரா... கேக்கிறேன், சும்மா... ஜேபிக்குள்ள விட்டுக்கினாரா. ம்.

...சொல்லு. கேக்குது... மெதுவா பேசினா போதும்.

...யோசிச்சுட்டியா?... முன்னூறு காப்பி இருக்குதுக்கா, சொன்னேன்ல... ஆமா. யாரும் தேட மாட்டாங்க, இருக்கலாம்... ஆமா, யாரு காலேஜு புக்க பத்திரமா வெச்சிருக்காங்க... சாருக்குத் தெரிய வேணாமா. பழைய ஃப்ளாப்பி ஒன்னு கெடச்சுதுன்னு சொல்லணுமா, அதுல ஒரிஜினல் இருந்துச்சுன்னு... சாரு நம்புவாரா?... நம்பலன்னாலும் வாங்கிப்பாரா. ம்.

...

...இல்ல, லைன்ல இருக்கேன். படத்த தொறக்கிறேன். இந்த சிஸ்டம் ஸ்லோ.

...இல்ல, மோசஸ் சாரு டீ குடிக்கப் போய்ட்டாரு. ரூம்ல யாரும் இல்ல.

...திருப்பிட்டேன். இப்ப மாமா இடது பக்கம் பாக்குறாரு. நேரா இருந்தா வேற ஆளு மாதிரி இருக்காருக்கா. ஒரு வருஷமா அந்தப் பக்கமே பாத்துனு இருந்துட்டேன்ல.

நம்பர் இன்னான்னு மாமாவ கேளு... கேளு, ஒரு தடவ சரி பாத்துக்கலாம்... பதினாலா பதினொன்னான்னு யோசிக்கிறாரா... நாலு வருஷம் நின்னாரு அது முன்னாடி... பரவால்ல, விடு, கேக்காத. நம்பர யாரு பாக்குறாங்க வேல செய்யும்போது. தோலத்தான் பாப்பாங்க, கத்தியத்தான் பாப்பாங்க.

பதினாலு தான்க்கா. அதுல சந்தேகம் இல்ல... ஃபாண்ட் எல்லாம் சரி வராது, அது பெயிண்ட்டர் கையால எழுதினது. வெள்ள பெயிண்ட்டு. நாலு மேல கொஞ்சம் தொறந்து இருக்கும். ஒன்னுக்குக் கீழ பெயிண்ட்டு ஒரு சொட்டு வழிஞ்சு காஞ்சு போய் இருக்கும், மிஷினோட பச்ச மேல. அந்தச் சொட்ட அழிக்கத்தான் அன்னிக்கு ரொம்ப நேரம் புடிச்சுது... ஆமா, அதையும் வெக்கிறேன். சொட்டு இல்லன்னா அது அந்த மிஷின் இல்ல.

ரெண்டு மணிக்கு பிரிண்ட் எடுத்துனு அங்க வர்றேன். மாமாவ ஏதாவது சாப்பிட வெய்யி.

...ம்.

...வெச்சிடு.